உறைப்பில்லா மிளகாய்

மிளகாய் என்பது இரவல் பெயர். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதனால் மிளகோடு காயைச் சேர்த்து நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். மிளகு இம்மண்ணுக்குரியது. சங்க நூல்கள் அதனைக் கறி என வழங்கும். முசிறித் துறைக்கு யவனர் பொன்கொண்டு வந்து, மிளகேற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசு கரீபியத் தீவுகளை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியே நம் நாட்டின் மேலைக்கரையில் இறங்கியது. அறுநூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மதுரைத் தமிழர் ஒருவர் இன்று நம் அடுக்களைக்குள் நுழைவாராயின், சட்டியில் கொதிக்கும் செந்நிறக் குழம்பைக் கண்டு இஃது என்னவென்று திகைத்து நிற்பார்.

அத்துணைப் பிந்தி வந்த விருந்தாளிக்கு நாம் கொடுத்துள்ள இடம் சிறிதன்று. மானமுள்ளவனை உப்பும் உறைப்பும் தின்றவன் என்கிறோம். உணர்ச்சியற்றவனை உப்பு உறைப்பு இல்லாதவன் என்கிறோம். திருமணப் பந்தியில் எழுந்து கைகழுவ வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி காரம் சரியாக இருந்ததா என்பதே. உறைப்புத் தாங்காமல் தண்ணீர் கேட்கும் மருமகனைப் பார்த்து மைத்துனர்மார் சிரிப்பது எல்லாச் சமூகத்தார் வீட்டிலும் நிகழும் கூத்து. மிளகாய் என்றால் உறைப்பு. உறைப்பு இல்லையேல் அது மிளகாயே இல்லை. நாமும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணியிருந்தோம். நம் அத்தா அவ்வாறு எண்ணவில்லை என்பது பிற்பாடுதான் நமக்குத் தெரியவந்தது.

மர்ஹூம் அத்தா கோரிப்பாளையத்தில் பண்டாரி. பண்டாரி என்றால் விருந்துச் சமையற்காரர் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களிலும், வைகையின் தென்கரையில் நெல்பேட்டைப் பக்கத்திலும் நிக்காஹ் என்றால் அத்தாவின் தேக்சா அங்கே ஏறியிருக்கும். மிளகாய் வாங்குவதற்கு மட்டும் வேறு எவரையும் அனுப்ப மாட்டார்கள். தாமே ஏ.வி. பாலத்தைக் கடந்து கீழமாசி வீதிக்குச் செல்வார்கள். சிறுவயதில் நாமும் பையைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றதுண்டு. கடைக்காரர் சாக்கைப் பிரித்து வைப்பார். அத்தா ஒரு கைப்பிடி வற்றலை அள்ளி, காம்பை ஒடித்து, கண்ணை மூடி முகர்வார்கள். ஒன்றைக்கூடக் கடித்துப் பார்த்ததில்லை. கடித்துப் பார்க்காமல் காரம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டோம். “காரம் நாக்கோட போயிரும்டா. வாசம்தான் சோத்துல தங்கும்” என்றார்கள். அப்போது அது தொழில் செய்பவர்களின் பேச்சு என்ற அளவிலேயே நம் காதில் விழுந்தது.

அறுபத்தெட்டாம் அகவையில் அத்தாவுக்கு இரைப்பையில் புண் கண்டது. மிளகாய் தின்பதால் புண் வருகிறது என்று அந்நாளில் வீட்டிலுள்ளோர் அனைவரும் நம்பினர். பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்குக் காரணம் ஒருவகைக் கிருமியும், சில வலிநிவாரணி மாத்திரைகளுமே ஆகும். அக்கிருமியை 1982இல் இனங்கண்ட ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்சலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் காரணம் எதுவாயினும் வலி வலிதானே. மருந்துண்டு கிருமி அகன்ற பின்னும், உறைப்புப் பட்டால் அத்தாவின் வயிறு பற்றியெரிந்தது. ஆகவே வீட்டில் இரண்டு சட்டிகள் வந்தன. நமக்கு ஒன்று; மிளகாயின் நிழலும் படாமல் அத்தாவுக்கு ஒன்று.

இரண்டாவது சட்டியின் துயரத்தை அதில் உண்டவரே அறிவர். நாற்பது ஆண்டுகள் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனிதர், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சியை ஓரமாக அமர்ந்து குடிப்பார்கள். முதலில் விருந்துகளுக்குச் சமைப்பதை நிறுத்தினார்கள். ருசி பாராமல் சமைப்பது வாங்கும் கூலிக்குத் துரோகம் என்றார்கள். பிறகு விருந்துகளுக்குச் செல்வதையே நிறுத்தினார்கள். அழைப்பிதழ் கொடுக்க வருபவர்களிடம், “பந்தியில உக்காந்துட்டு வெறுஞ்சோறு கேட்டா, ஆக்குனவனுக்கு மனசு நோகும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தில் நாம் நால்வர். நால்வரில் ஒருவரும் இதற்கு மறுமொழி அறிந்திலோம். இப்படியே ஆறு ஆண்டுகள் சென்றன.

இந்நிலையில்தான் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, பின்னர்க் காரைக்கால் உறவினர் வழியாகப் பிரான்சு நாட்டில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் நம் இல்லம் வந்தார். பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் என்னும் கரீபியத் தீவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அத்தாவின் உடல்நிலையை நாம் முன்பே கடிதத்தில் எழுதியிருந்தோம். அவர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கொணர்ந்து அத்தாவின் முன் வைத்தார். காடியில், அதாவது வினிகரில், ஊறிய மிளகாய்கள் அதில் இருந்தன. பாக்களவே இருக்கும், சுருங்கி, விலாவிலாவாய்ப் புடைத்து, குட்டிப் பறங்கிக்காய்களை நசுக்கி வைத்தாற்போன்ற தோற்றம். சில சிவப்பு, சில மஞ்சள்.

“நான் மிளகா சாப்புடுறதில்ல தம்பி” என்றார்கள் அத்தா.

“தெரியும் வாப்பா. இது உறைக்காது. நானே தின்னு பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்” என்றார் மாணவர். காரைக்கால் பக்கத்து வழக்கப்படி அவர் அத்தாவை வாப்பா என்றே அழைப்பார்.

அத்தா உடனே எடுத்துவிடவில்லை. இது எந்தக் காடி என்று விசாரித்தார்கள். கரும்புச் சாற்றில் ஆனது என்று விடை வந்த பிறகே மூடியைத் திறந்தார்கள். கடிக்கவில்லை, கீழமாசி வீதியில் செய்தது போலவே கண்ணை மூடி முகர்ந்தார்கள். நெடுநேரம் மூக்கை எடுக்கவேயில்லை. பிறகு ஒன்றைக் கிள்ளி நாவில் வைத்தார்கள். நாம் தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்தோம். அதற்குத் தேவை எழவில்லை. நாமும் ஒரு துண்டு வாங்கி உண்டோம். பழுத்த கொய்யாவும் பச்சைக் கொத்துமல்லியும் கலந்தாற்போல் ஒரு மணம், அடியில் மெல்லிய இனிப்பு, காடியின் புளிப்பு. எரிச்சல் எதிர்பார்த்துக் காத்திருந்த நாக்கு ஏமாந்து போயிற்று. அதே வேளையில், அஃது ஐயத்திற்கிடமின்றி மிளகாய்தான். குடமிளகாயில் ஒரு பச்சைத் தண்ணீர் வாடை உண்டு. அது இதில் இல்லை. பஜ்ஜி மிளகாய்க்கும் இதற்கும் உறவே சொல்ல முடியாது.

அன்று தொடங்கி இக்காயைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். தமிழாசிரியருக்கு இஃது எதற்கு என்று சிலர் கேட்டனர், கேட்கட்டும்.

கரீபியத் தீவுகளிலும் வெனிசுவேலாவிலும் இதற்கு ஊருக்கொரு பெயர். புவேர்த்தோ ரீக்கோவிலும் வெனிசுவேலாவிலும் அஹி துல்சே. இனிய மிளகாய் என்பது பொருள். கியூபாவில் அஹி கச்சூச்சா. குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் பிமான் வெஜெத்தேரியன், அதாவது சைவ மிளகாய் என்கின்றனர்! கொல்லாமை நோன்பு பூண்ட மிளகாய் என்று நாமே ஒரு விளக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். புவேர்த்தோ ரீக்கோ மக்கள் இதனை வெங்காயம், பூண்டு, நம் கொத்துமல்லியின் மணமுடைய ஒருவகை நீள இலை ஆகியவற்றோடு அரைத்துச் சொஃப்ரீத்தோ என்னும் தாளிப்பு விழுது செய்கின்றனர். அவரை வகைக் குழம்பும் சோறும் அதனின்றே தொடங்குகின்றன. நம் வீடுகளில் இஞ்சி பூண்டு விழுது பெற்ற இடத்தை அங்கே அது பெற்றிருக்கிறது.

அஹி என்ற சொல் ஸ்பானியர் தந்ததன்று. அது தாயினோ மக்களின் மொழி. கொலம்பசு வந்திறங்கியபோது அத்தீவுகளில் வாழ்ந்தவர் தாயினோக்கள். நோயாலும் அடிமை உழைப்பாலும் வாளாலும் சில பத்தாண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தனர். மொழியும் வழக்கொழிந்தது. ஆனால் அவர்கள் மிளகாயை அழைத்த சொல் மட்டும், அவர்களை அழித்தவரின் நாவிலேயே இன்றளவும் உயிர்த்திருக்கிறது.

தாவர நூலார் இவ்வினத்தைக் காப்சிகம் சைனென்சே என்கின்றனர். சீன மிளகாய் என்று பொருள்படும் இப்பெயரை 1776இல் வைத்தவர் ஜாக்கின் என்னும் ஐரோப்பிய அறிஞர். அவர் அதன் பிறப்பிடம் சீனம் எனக் கருதிவிட்டார். தென்னமெரிக்கச் செடிக்குச் சீனப் பெயர் ஒட்டிக்கொண்டு இருநூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. நம் மிளகாய் மட்டுமா இரவல் பெயரில் வாழ்கிறது!

வியப்பு யாதெனில், உலகின் மிகக் கடுமையான மிளகாய்கள் பலவும் இதே இனத்தைச் சார்ந்தவை. நம் நாட்டு நாகாலாந்து, அசாம் பகுதிகளின் பூத் ஜொலோக்கியா இதன் நெருங்கிய உறவு. 2007இல் கின்னசு நூல் அதனை உலகிலேயே காரமான மிளகாயென அறிவித்தது. அளவு பத்து இலட்சம் ஸ்கோவில் அலகுக்குச் சற்று மேல். ஸ்கோவில் என்பவர் 1912இல் இவ்வளவை முறையை வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்துக் கரைத்து, எத்தனை மடங்கு நீர்த்தால் உறைப்பு நாவுக்குத் தெரியாது போகிறதோ, அதுவே அளவு. இம்முறையில் நம் அத்தா தின்ற இனிய மிளகாய் ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. சிலவற்றில் அளவே பூச்சியம். உடன்பிறந்தாருள் ஒருவர் எரிமலை, மற்றொருவர் தென்றல்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவியலார் மிக நுணுகிக் கண்டுள்ளனர். உறைப்பு விதையில் பிறப்பதாக நாம் கருதுகிறோம். உண்மையில் காயினுள் விதைகளைத் தாங்கிநிற்கும் வெண்ணிறச் சவ்வில்தான் காப்சைசின் என்னும் உறைப்புப் பொருள் உருவாகிறது. விதையில் இருப்பது அதனின்று ஒட்டியதே. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அஹி துல்சேயின் ஒரு வகையில் ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதைக் காட்டியது. அப்பழுதினால் காப்சைசினுக்கு மாற்றாக, கிட்டத்தட்ட அதே வடிவுடைய வேறொரு பொருள் உருவாகிறது. அதன் உறைப்பு காப்சைசினின் உறைப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. மணமோ சவ்வில் மட்டும் இல்லை. சதையிலும் தோலிலும் உள்ளது. ஆகவே ஒன்று போனதால் மற்றது போகவில்லை.

காரம் ஒரு சுவையே அன்று என்பதையும் இங்கே கூற வேண்டும். நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பு உண்டு. எனினும் உடலைப் பொறுத்தவரை அது வலி. வெப்பத்தை உணரும் நரம்பு வாயில் ஒன்று காப்சைசின் பட்டாலும் திறந்துகொள்கிறது. தீப்பட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது. 1997இல் அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசு 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் வாயில் காப்சைசினுக்குத் திறப்பதில்லை. அதனால் கிளி மிளகாய்ப் பழத்தை மகிழ்ந்து தின்கிறது. கிளியிடம் காரம் சரியா என்று கேட்டால் எந்தக் காரம் என்று திருப்பிக் கேட்கும்.

நிறம், உறைப்பு, மணம் மூன்றும் மிளகாயில் தனித்தனி என்பதை நம் நாட்டு உழவரும் அறிவர். கருநாடகத்து பேடகி மிளகாய் சிவக்கச் சிவக்க நிறம் தரும், உறைப்பு குறைவு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டு திரண்டு தடித்த தோலுடன் தனிமணம் கொண்டது. அத்தா சாக்கில் கையிட்டுத் தேடியது பெரும்பாலும் இந்த முண்டைத்தான். பந்தியில் நாம் கேட்கும் கேள்வியோ மூன்றில் ஒன்றைப் பற்றியதே.

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். அத்தீவில் அந்தக் காய் யாருடைய சட்டியில் விழுகிறது?

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். 1853இல் மார்த்தினீக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதற்கப்பல் சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்து திரும்பியோர் சிலர். தோட்டத்திலேயே மாண்டோர் பலர். தங்கியோரின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை மறுக்கப்பட்டபோது, 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் ஹென்றி சிதம்பரம். இப்பெயரை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பாடநூல்களில் நாம் அதைக் கண்டதில்லை.

அம்மக்கள் காலப்போக்கில் தமிழை மறந்தனர். மாரியம்மன் வழிபாட்டில் பொருள் தெரியாமல் பாடப்படும் பாடல்களிலும், துணி, நகை, சமையல் பற்றிய சில சொற்களிலும் அது ஒடுங்கிவிட்டது. அவற்றுள் தலையாயது கொலொம்போ. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் முதலியன சேர்த்து இடித்த பொடிக்கும், அப்பொடியிட்டு ஆக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் அங்கே அதுதான் பெயர். கொழும்பு நகரத்தின் பெயரே அது என்பாரும் உளர். குழம்பு என்பதன் திரிபு என்பார் கருத்தே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சட்டியிலிருப்பது குழம்பாயிருக்க, பெயரைத் தேடிக் கப்பலேறுவானேன்? இன்று அத்தீவுகளில் தமிழர், ஆப்பிரிக்க வழியினர், ஐரோப்பிய வழியினர் அனைவருக்கும் அது பொதுவுணவு.

அப்பொடியில் பெரும்பாலும் மிளகாய் சேர்ப்பதில்லை என்றார் நம் மாணவர். உறைப்பு வேண்டுவோருக்காக ஒரு காரமிளகாயை முழுதாகச் சட்டியில் மிதக்க விடுவார்களாம். வெடித்துவிடாமல் பார்த்து, இறக்கும்போது எடுத்துவிடுவார்களாம். மணத்திற்கு இனிய மிளகாயை நறுக்கிப் போடுவார்கள். பந்தியில் குழந்தையும் கிழவரும் நோயாளியும் அந்த ஒரே சட்டியிலிருந்து உண்பார்கள். காரம் விரும்புவோர் பக்கத்தில் தனியே வைத்துக் கடித்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்ட அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “ஒரே சட்டியா?” என்று இருமுறை கேட்டார்கள். முழு மிளகாய் வெடிக்காதிருக்க எவ்வளவு தீ, மூடி போடுவதா, கறி வெந்த பின்னா முன்னா என்று தொழிற்காரர் தொழிற்காரரிடம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே போனார்கள். மாணவருக்கு விடை தெரிந்தவை சிலவே. கொணர்ந்திருந்த கொலொம்போப் பொடியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து, “வெந்தயம் கூட. நம்ம ஆளு ஒருத்தன் கைதான்” என்றார்கள். நம் வீட்டில் குழம்பைக் குழம்பென்று சொல்லும் வழக்கமில்லை, ஆணம் என்போம். எனவே அன்று கோரிப்பாளையத்து வீடொன்றில், குழம்பு என்ற சொல்லைக் கடல் கடந்து கொண்டுபோனவரின் பொடியில், ஆறு ஆண்டுகளுக்குப் பின் அத்தா தம் கையால் கறியாணம் ஆக்கினார்கள். அன்று வீட்டில் ஒரே சட்டி. நம் இளையவன் மட்டும் ஒரு பச்சைமிளகாயைத் தட்டோரத்தில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

குப்பியில் எஞ்சியவை பதினொன்று. அத்தா எண்ணி வைத்திருந்தார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றை எடுத்து, நறுக்கி, எல்லாருடைய ஆணத்திலும் போடச் சொல்வார்கள். தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொன்னதற்கு, அப்படியானால் அது மறுபடியும் இரண்டாவது சட்டிதானே என்றார்கள். ஐந்தாவது வெள்ளியோ ஆறாவதோ நினைவில்லை, தெருவில் ஒரு நிக்காஹ் அழைப்பு வந்தது. அத்தா போனார்கள். பந்தியில் அமரவில்லை. அடுப்பருகே நாற்காலி போட்டு அமர்ந்து, முழு மிளகாயை மிதக்கவிடும் முறையை இளம் பண்டாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே ஆக்கினார்களாம். அதில் அத்தாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

விதைகளை முளைக்க வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டார்கள். காடியில் ஊறிய விதை முளைக்காது. புதிதாகத் தருவிப்பதென்றால் 2003ஆம் ஆண்டுத் தாவர நோய்த்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நலச்சான்றும் வேண்டும்; பயணப்பெட்டியில் மறைத்துக் கொணரும் பொருள் அன்று அது. மதுரையின் கோடையில் அச்செடி பூவுதிர்க்கும் என்பதும், காரவகைகளின் அருகில் வளர்ந்தால் மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறை உறைத்துவிடக்கூடும் என்பதும் படித்தறிந்தோம். சிறுமலைச் சாரலில் ஒருவேளை நன்கு வரலாம். ஒத்தக்கடையிலுள்ள வேளாண் கல்லூரியாரோ, நம் கல்லூரித் தாவரவியல் துறையினரோ முறைப்படி விதை பெற்று முயல்வார்களாயின், காய்க்கும் முதற்காயை முகர்ந்து பார்க்க நாம் வருவோம்.

பதினோராம் வெள்ளியன்று குப்பியில் காய் தீர்ந்தது. அடுத்த வெள்ளி, அத்தா குப்பியை எடுத்துவரச் சொல்லி, எஞ்சிய காடியை ஆணத்தில் ஊற்றினார்கள். குப்பியைக் கழுவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார்கள்.